கீழ்வரிசை போல்ட்டுகள்

எட்டு போல்ட்டுகள். மேல்வரிசையில் நான்கு, கீழ்வரிசையில் நான்கு. எட்டும் ஒரே உலையில் உருக்கிய எஃகு. ஒரே பெட்டியில் வந்து, ஒரே நாளில் முடுக்கப்பட்டவை. தாங்கிய பாரமும் எட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் உடைந்தது கீழ்வரிசை மட்டும். ஏன்?

மூன்று வாரமாகப் பேராசிரியர் கோசலைக்கு இந்தக் கேள்விதான் காலைக் காப்பி, மத்தியானச் சாப்பாடு எல்லாம். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகவியல் ஆய்வகத்தில், கண்ணாடி மேசை மேல் அந்த எட்டையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் தடிமன் இருக்கும் ஒவ்வொன்றும். துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசி, அதற்கு மேல் மஞ்சள் பளபளப்புக் கொடுத்திருந்தார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலைமேல் கம்பியில் தொங்கிப் போகும் கம்பிவண்டியில், நாற்பத்து மூன்றாம் எண் பெட்டியைக் கம்பியோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் அவை. போன ஐப்பசியில், காற்றே இல்லாத ஒரு பிற்பகலில், பாதி ஆட்கள் மட்டுமே ஏறியிருந்த அந்தப் பெட்டி பள்ளத்தில் விழுந்தது. ஏழு பேர் போனார்கள். பிறகு மற்ற ஐம்பத்தொன்பது பெட்டிகளையும் இறக்கிச் சோதித்தபோது, பத்தொன்பது பெட்டிகளில் முடி போன்ற விரிசல் தெரிந்தது. அத்தனையும் கீழ்வரிசையில். மேல்வரிசையில் ஒன்றுகூட இல்லை.

போல்ட்டுகளை முடுக்கியவன் நஞ்சப்பன். அளவுக்கு மீறி முடுக்கிவிட்டான் என்று நிறுவனம் சொன்னது. பதினோரு மாதமாக விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கிறான். முடுக்கிய கருவியின் பதிவை கோசலை நான்கு முறை பார்த்துவிட்டாள். மேலேயும் கீழேயும் ஒரே முறுக்குத்தான். அவன் மேல் தப்பில்லை. ஆனால் "அவன் இல்லை" என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் கேட்காது. "அப்படியானால் எது?" என்றுதான் கேட்கும்.

உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் கற்கண்டை உடைத்த மாதிரி மின்னியது. எஃகு சாதாரணமாக உடையும்போது முதலில் இழுபடும், கழுத்து மெலியும், மிட்டாய் மாதிரி பிய்யும். நாள்பட்ட ஆட்டத்தில் உடைந்தால் குளத்தில் அலை வந்து போன தடம்போல வளைவு வளைவாகக் கோடு விழும். இதில் இரண்டும் இல்லை. எஃகின் மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிந்து வந்திருந்தன. செங்கல் முழுசாக இருந்து, நடுவிலிருந்த சிமெண்டு மட்டும் காணாமல் போன சுவர் போல.

ஹைட்ரஜன். அவளுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. கெட்டியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் இப்படித்தான் மணிகளைப் பிரிக்கும். எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. பூச்சுப் போட்ட ஆலையில் எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. மழை காரணமென்றால் எட்டிலும் பெய்திருக்கும். காற்று மேல்வரிசை, கீழ்வரிசை என்று பார்த்து வீசுமா?

அன்று முதுகலை வகுப்பு இருந்தது. பகலில் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள். பாலம் ஒன்று விழுந்த கதையை அவள் நடத்திக்கொண்டிருந்தபோது, வார்ப்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், இந்தப் புத்தகத்துல கடைசியா உடைஞ்ச சாமான் உடைஞ்சே முப்பத்தெட்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் நம்ம நாட்டுல எதுவுமே உடையலையா?"

வகுப்பு சிரித்தது. கோசலையும் சிரித்தாள். "உடைஞ்சுட்டுதான் இருக்கு. ஏன் உடைஞ்சுதுன்னு தெரிஞ்சவங்க யாருக்கும் ஞாபகம் இல்லை."

அது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவளைப் பார்க்க ஒரு பெண்மணி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பிவண்டி நிலையத் துப்புரவுப் பணியாளரின் நீலச் சேலை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"நானுங்க, மாராத்தாள். நஞ்சப்பனோட சம்சாரம்."

கோசலை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உள்ள வாங்கம்மா. உக்காருங்க."

"உக்காரறக்கு வரலீங்க. எங்கூட்டுக்காரரு அப்படி அசமந்தமா வேலை பண்றவரில்லீங்க டீச்சர். வூட்ல கொடிக்கயிறு கட்டுனாக்கூட மூணு தடவை இழுத்துப் பாப்பாரு. துணி காயறதுக்குள்ள நாஞ் சண்டை போட்ருவேன், அவரு அப்பவும் இழுத்துட்டு நிப்பாரு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க."

"எனக்குத் தெரியும்மா. அவர் சரியாத்தான் முடுக்கியிருக்கார்."

மாராத்தாளின் கண் மேசைக்குப் போனது. அருகில் வந்து குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"இதுதானுங்களா? நாலு நல்லா மினுங்குது பாருங்க. இது கீழ்வரிசை."

கோசலை நிமிர்ந்தாள். நான்கு மினுங்குவது அவளுக்கும் தெரியும். உடைந்த பிறகு ஆய்வாளர் யாரோ துடைத்திருப்பார் என்று நினைத்து விட்டிருந்தாள்.

"எப்படிம்மா சொல்றீங்க, கீழ்வரிசைன்னு?"

"மேல எங்களுக்கு எட்டாதுங்களே. ஏணி போட்டு ஏறுனா சூப்பர்வைசர் வைவாரு. கைக்கு எட்டுன மட்டும் தேச்சுட்டு வுட்ருவோம். ஆயுத பூசைக்கு."

"எதால தேய்ச்சீங்க?"

"புளிதானுங்க." அதைக்கூடவா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தாள். "பித்தளைச் சாமான் மாதிரி மஞ்சளா இருக்குதுங்களே. கரிப்பொகையும் எண்ணெய் மசியும் ஏறிக் கெடந்துச்சு. வெறுந்துணிக்கு அது போகலை. புளி போட்டு, அரை எலுமிச்சம்பழம் வெச்சு ஒரு தேய் தேச்சமுன்னா... டீச்சர், தங்கம்! நாப்பத்து மூணாம் நம்பரு எம்பட வண்டிங்க. நானே தேச்சேன். எங்கூட்டுக்காரரு முடுக்குன போல்ட்டாச்சே, நாம மினுக்கோணுமில்லன்னு, மத்ததை விட இன்னொருக்காச் சேத்தித் தேச்சனுங்க."

முகத்தில் அந்த நாளின் சந்தோஷம் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள் கோசலை.

துத்தநாகத்தின் மேல் புளி படும்போது ஹைட்ரஜன் பிறக்கும். பெரும்பாலானது நுரையாகப் போய்விடும். கொஞ்சம், மிகக் கொஞ்சம், எஃகுக்குள் நழுவும். உலகத்திலேயே சிறிய அணு அது. அதற்குச் சுவர் கிடையாது. சாதா எஃகானால் பொறுத்துக்கொள்ளும். இது பாரம் குறைய வேண்டும் என்பதற்காக இந்தப் பத்து ஆண்டுகளில் வந்த மிகக் கெட்டியான எஃகு. அதுவும் முடுக்கி, இழுபட்ட நிலையில் நிற்பது. ஹைட்ரஜன் மெதுவாக நகர்ந்து, இழுவை அதிகமுள்ள இடத்தில் கூடி, இரண்டு மூன்று வாரம் கழித்து, யாரும் தொடாதபோது உடைக்கும். மஞ்சளாக இருந்ததால் பித்தளை என்று நினைத்தார்கள். பித்தளையைப் புளியால் தேய்க்காதவர்கள் இந்த ஊரில் யார்?

ஊகம் போதாது, உடைத்துக் காட்ட வேண்டும். முடுக்கிய நிலையிலேயே ஒரு போல்ட்டைப் புளிக் கரைசலில் நனைத்துப் பிடித்து வைக்க ஓர் இரும்புச் சட்டம் தேவைப்பட்டது. கோசலை அதைத் தாளில் வரைந்து, பணிமனைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசல்காரர் ஆறுக்குட்டிக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு கோசலையைப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், போன தடவை செஞ்சது என்னாச்சு? ஒடைச்சுப் போட்டீங்களா?"

"எந்தத் தடவை?"

"இதே சட்டந்தானுங்களே. இதே இடக்கை மரையோட. ரெண்டு தடவை செஞ்சு குடுத்திருக்கேன். இடக்கை மரை எதுக்குங்கன்னு கேட்டேன், முடுக்கும்போது அடி நட்டு சேர்ந்து சுத்தாம இருக்கறதுக்குன்னு நீங்கதானுங்களே வெளக்குனீங்க. அரை மணி நேரம். எனக்கு டீயே ஆறிப்போச்சு."

கோசலை படத்தை வாங்கி மறுபடி பார்த்தாள். ஆறுக்குட்டிக்குப் புரிந்தது.

"ஓ. அந்த மாத்திரைச் சமாச்சாரங்களா?" குரலைத் தாழ்த்தினார். "அது என்னதானுங்க பண்ணுது? எல்லாரும் சொல்றாங்க, எனக்கு வெளங்கினதில்லை."

விளக்கச் சொல்லிக் கேட்டால் கோசலையால் விளக்காமல் இருக்க முடியாது. அப்போதும் முடியவில்லை.

"நாம எதையாவது தெரிஞ்சுக்கிட்டா மூளை அதைப் பேனாவால எழுதிக்கும்னு வைங்க. விபத்து வழக்குல நிபுணரா உக்காந்தா, காலையில ஒரு மாத்திரை குடுப்பாங்க. அன்னைக்கு அந்த வழக்கைப் பத்தி மூளை எழுதுறதெல்லாம் பென்சில்ல எழுதுன மாதிரி. அதனாலதான் பென்சில் மாத்திரைன்னு பேரு. வழக்கு சமரசமாயிட்டா, கடைசியில ஒரு ஊசி. அது ரப்பர். பென்சில்ல எழுதுனது மட்டும் அழியும், பேனா அப்படியே இருக்கும். எனக்கு என் பேர் தெரியும், பாடம் தெரியும், உங்களைத் தெரியும். அந்த வழக்கு மட்டும் இருக்காது."

"எதுக்குங்க அப்படி?"

"சமரசம்னா ரகசியம். வாய்ப் பூட்டு போட்டாலும் ஆளுங்க உளறிடறாங்கன்னு சட்டத்தை மாத்துனாங்க. ஒத்துக்கிட்டாத்தான் உடைஞ்ச சாமானையே கண்ணால பார்க்க விடுவாங்க. ஒத்துக்கலைன்னா பார்க்கவே முடியாது."

ஆறுக்குட்டி ஒரு பழைய நீளக் குறிப்பேட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். வழக்கு முடிந்ததும் ஆய்வகக் கோப்புகளை, கணினியை, குப்பைக்கூடையைக்கூட நிறுவனத்து ஆட்கள் வாரிக்கொண்டு போவார்கள். கடைசல்காரரின் குறிப்பேட்டைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று ஆறு வருடத்துக்கு முந்தியது. இன்னொன்று மூன்று வருடத்துக்கு முந்தியது. இரண்டிலும் அதே சட்டம், அதே இடக்கை மரை. இரண்டிலும் ஓரத்தில், கோசலையின் சாய்ந்த கையெழுத்தில் ஒரே குறிப்பு: புளிக் கரைசல்.

அவள் நின்றுகொண்டே, அந்தத் தேதிகளுக்குச் சற்று முந்தைய விபத்துகளைக் கைபேசியில் செய்தித்தாள் சேமிப்பில் தேடினாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நூற்பாலையில் பளுதூக்கி அறுந்து ஒருவர் சாவு. ஆயுத பூஜை கழிந்து பதினெட்டாம் நாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காற்றாலைக் கோபுரத்தில் மூன்று பேர். பூஜை கழிந்து இருபத்து மூன்றாம் நாள். இரண்டிலும் கடைசிச் செய்தி ஒரே வரி: வழக்கு சமரசமாக முடிந்தது.

முதலாவதில் கண்டுபிடித்து மறந்தாள். மூன்று பேர் செத்தார்கள். இரண்டாவதில் கண்டுபிடித்து மறந்தாள், ஏழு பேர். இருபது வருடத்தில் பதினான்கு வழக்கு. ஒவ்வொன்றின் பேரிலும் ஆய்வகத்துக்கு ஏதோ ஒரு கருவி வந்திருக்கிறது. அந்தப் பதினான்கைப் பற்றி வகுப்பில் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இல்லை, எழுத ஒரு கட்டுரை இல்லை. இன்னும் எத்தனை முடிச்சுகளை இப்படி அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறாளோ.

"மேடம், உக்காருங்க," என்றார் ஆறுக்குட்டி. "மொகமே சரியில்லை. சட்டம் நாளைக்குத் தந்தர்றேன். மூணாவது தடவை, கையே செஞ்சுரும்."

ஐந்தாம் நாள் காலையில் போல்ட் உடைந்தது. ஒரு சின்ன 'டிக்'. பக்கத்தில் தண்ணீரில் மட்டும் நனைத்து வைத்திருந்த இன்னொரு போல்ட் அசையவில்லை. உடைந்த முகம் கற்கண்டாக மின்னியது. வேறு எந்த வழக்கிலும் இப்படி ஒரு பதில் கையில் விழுந்தால் அவள் ஆய்வகத்தையே ஒரு சுற்று ஓடியிருப்பாள். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

நிறுவனத்தின் வழக்கறிஞர் கிருபாகரன் மாலையே வந்துவிட்டார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். அறிக்கையை முழுதாகப் படித்தார். அவரும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்தான்; வழக்கைத் தொடும் எல்லோருக்கும் அது விதி.

"அருமையான வேலை டாக்டர். யாரும் எதிர்பார்க்க முடியாத உலோகக் கோளாறுன்னு எழுதி முடிச்சிடலாம். நஞ்சப்பன் மேல வழக்கு வாபஸ். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நீங்க ஊசி போட்டுக்கிட்டா, சாயந்திரம் அவர் வீட்டுல இருப்பார்."

"ஆயுத பூஜை நாளை மறுநாள் சார். நாளைக்குத்தான் தேய்ப்பாங்க. விபத்துக்கப்புறம் புதுசாப் போட்டது எல்லாமே அதே எஃகு, அதே மஞ்சள் பூச்சு."

"தெரியுது."

"ஒரு சுற்றறிக்கை போதும். புளி போடாதீங்கன்னு ஒரே ஒரு வரி."

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒரு வரி போட்டா, எங்களுக்குக் காரணம் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சா அது கோளாறு இல்லை, குற்றம். எந்த நிறுவனமும் போடாது. நாளைக்கு மதியம் எனக்கே இது ஞாபகம் இருக்காது டாக்டர். போடணும்னு நினைக்கிறதுக்குக்கூட ஆள் இருக்க மாட்டாங்க."

"மொட்டைக் கடிதம் போட்டா?"

"வாரம் நாற்பது வருது. பாதி ஜோசியம்."

கோசலை குறிப்பேட்டுத் தாள்களின் நகலை அவர் முன்னால் தள்ளினாள். "இது மூணாவது தடவை சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி காற்றாலை வழக்குல நிறுவனத்துக்காக வாதாடினது யார்னு பார்த்தேன். தினசரியில பேர் இருக்கு."

அவர் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதே நாற்காலியில உக்காந்திருப்பேனா?" என்றார் கடைசியில்.

"அப்ப நாற்காலி வேற. மத்ததெல்லாம் இதேதான் பேசியிருப்போம்."

"நீங்க ஏன் அப்ப சம்மதிச்சீங்க?"

"அதைத்தான் அஞ்சு நாளா யோசிக்கிறேன். நல்ல காரணம் ஏதாவது இருந்திருக்கும். இப்ப இருக்கிற மாதிரி."

அந்த நல்ல காரணத்தைக் கிருபாகரனே எடுத்துச் சொன்னார். மிரட்டலாக இல்லாமல், எதிரில் இருப்பவர் கணக்கில் தவறு செய்துவிடக் கூடாதே என்று சொல்கிறவர் போல. "நீங்க ஊசி வேண்டாம்னா சமரசம் ரத்து. வழக்கு திறந்த நீதிமன்றத்துக்குப் போகும். அங்க முதல் கேள்வியே, தேய்ச்சது யார்? நாற்பத்து மூணாம் பெட்டியைத் தேய்ச்சது அந்த அம்மா. முடுக்கினது புருஷன், தேய்ச்சது பெண்டாட்டி. ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல நிறுத்துவாங்க. நான் மாட்டேன், எனக்கு அடுத்து வர்ற வக்கீல் நிறுத்துவான். வருஷக்கணக்கா இழுக்கும். அதெல்லாம் கூடப் போகட்டும். ஏழு பேர் சாவு தன் கையால நடந்ததுன்னு அந்த அம்மாவுக்கு இன்னைக்குத் தெரியாது. நாளைக்குப் பத்து மணிக்கப்புறம் உலகத்துல யாருக்குமே தெரியாது. அது தப்பா?"

அது தப்பு என்று கோசலையால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் முதல் இரண்டு முறையும் சம்மதித்திருப்பாள். அங்கேயும் யாராவது ஒரு மாராத்தாள் இருந்திருப்பாள். யாரோ ஒருத்தியின் நிம்மதிக்காக, பெயர் தெரியாத பத்துப் பேரை அவள் கொடுத்திருக்கிறாள். நல்ல மனதோடு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆறுக்குட்டியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தாள். மருத்துவமனை கோவையில். இங்கிருந்து பத்து மணிக்குள் திரும்ப முடியாது என்பது வண்டியில் ஏறும்போதே அவளுக்குத் தெரியும்.

பூஜைக்காக அன்று கம்பிவண்டி ஓடவில்லை. பெட்டிகள் கூடத்தில் வரிசையாக இறக்கி நிறுத்தப்பட்டிருந்தன. வாழைக்கன்று, தோரணம், பொரிமூட்டை. இருபது பெண்கள் ஆளுக்கொரு பெட்டியின் முன்னால் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்கப் புளி வாசம்.

"அடியே சரசு, உன்ற மூஞ்சியை இப்படித் தேச்சிருந்தீன்னா மாப்ள வூட்டோட இருந்திருப்பான்!"

"உனக்குத் தேச்சும் ஒண்ணும் ஆகலையே, அதைச் சொல்லு!"

சிரிப்புக்கு நடுவே மாராத்தாள் திரும்பிப் பார்த்தாள். முழங்கை வரை பழுப்புக் கறை. முகம் மலர்ந்து ஓடி வந்தாள்.

"டீச்சருங்! வாங்க, வாங்க. வக்கீல் போன் பண்ணியிருந்தாருங்க. இன்னைக்குச் சாயந்தரம் வுட்ருவாங்கன்னு. அல்லாருக்கும் சொல்லிட்டேன். உங்களாலதானுங்க." மற்றவர்களைப் பார்த்துக் கூவினாள். "இவீகதான் அந்த டீச்சரு!"

எல்லோரும் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோசலை அந்தக் கைகளைப் பார்த்தாள். வகுப்பில் எந்தக் கடினமான பாடத்தையும் ஒரு உதாரணத்தில் தொடங்குகிறவள், அன்று உதாரணம் எதுவும் தேடவில்லை.

"எல்லாரும் கேளுங்க. இது பித்தளை இல்லை, இரும்பு. மேல இருக்கிறது மஞ்சள் பூச்சு. புளி பட்டா இதுக்குள்ள ஒரு வாயு புகுந்துடும். கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு, நல்ல வெயில்ல, யாரும் தொடாதப்ப உடைஞ்சுடும். போன வருஷம் அப்படித்தான் உடைஞ்சுது."

கூடத்தின் கோடியில் ஒரு குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் மூடினார்கள்.

மாராத்தாள் முகத்தில் மலர்ச்சி இன்னும் மிச்சமிருந்தது. அதைக் கழற்ற அவளுக்கு நேரம் பிடித்தது.

"நாப்பத்து மூணு..." என்றாள்.

"ஆமாம்மா."

"அது எம்பட வண்டிங்க."

"ஆமாம்மா. உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நாங்க சொல்லலை. ரெண்டு தடவை தெரிஞ்சும் சொல்லலை. தப்பு எங்க மேல."

அந்தக் கடைசி வாக்கியங்கள் மாராத்தாளின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். சேலையில் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரரு?"

"இன்னைக்கு வர மாட்டார். நான் இதைச் சொன்னதால சமரசம் போச்சு. எப்ப வருவார்னு எனக்குத் தெரியலை."

மாராத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரசு ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அதை அவள் உதறினாள். அழவில்லை. சத்தமும் போடவில்லை. கோசலை அவளெதிரே தரையில் உட்கார்ந்தாள். பத்து மணி எப்போது கடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

மாராத்தாளின் பார்வை வரிசையாக நின்ற பெட்டிகள் மேல் ஒவ்வொன்றாகப் போனது. எண்ணினாள் போலிருக்கிறது.

"இருபத்தாறு வண்டி தேச்சாச்சுங்க. இப்ப என்ன பண்ணோணும்? அதைச் சொல்லுங்க."

கோசலை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தேய்ச்ச போல்ட் எல்லாத்தையும் இன்னைக்கே கழற்றணும். கழற்றினதைக் கழுவித் திரும்பப் போடக் கூடாது. புதுசு போடுற வரைக்கும் அந்த இருபத்தாறு வண்டி ஓடக் கூடாது. மத்ததுல கை வைக்க வேண்டாம். இனி எந்த வருஷமும் புளி வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம். மசி போகலைன்னா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டுப் பொட்டு வைங்க. அவ்வளவுதான்."